ஆகாறும் போகாறும்: முதுமையில் செல்லின் ஆற்றலைப் பேசும் அறிவியல் தமிழும் கரிசல் வட்டார உவமைகளும்

ஆய்வுச் சுருக்கம்

முதுமையில் உடல் வலு குறைவதை விளக்கும் தமிழ், எண்ணெய் தீர்ந்த விளக்கு, மருந்து எரிந்து முடிந்த வெடி, மின்னேற்றம் இறங்கிய மின்கலம் முதலிய உவமைகளை எளிதில் நாடுகிறது. இவை யாவும் ஆற்றலை ஓர் இருப்பாகக் கொண்டு, அவ்விருப்புத் தீர்வதே மூப்பு என்னும் பொருளைத் தருகின்றன. செல்லின் ஆற்றல் மூலக்கூறுகளைப் பற்றிய உயிர்வேதியியல் ஆய்வுகளோ, அவை ஓயாது ஆக்கப்பட்டும் அழிக்கப்பட்டும் வருவதைக் காட்டுகின்றன. இம்முரணைத் தொல்காப்பிய உவமக் கோட்பாட்டின் வழி ஆராயும் இக்கட்டுரை, எம். புதுப்பட்டியை உள்ளிட்ட சிவகாசி வட்டாரத்தில் வழங்கும் கண்மாய்ப் பாசனச் சொற்களும், திருக்குறளின் ‘ஆகாறு’, ‘போகாறு’ என்னும் சொல்லிணையும் இப்பொருளைச் சொல்லத் தகுதியானவை என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், உவமவியல், முதுமை, ஆற்றல் மூலக்கூறு, கண்மாய், கரிசல், திருக்குறள்.

முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் கலைச்சொல்லாக்கத்திற்கே முதலிடம் அளித்து வந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேற்கொண்ட மருத்துவத் தமிழாக்கம், 1916இல் சேலத்தில் தோன்றிய தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தின் பணி ஆகியவை தொடங்கி, ஒரு கருத்திற்குரிய சொல் எது என்பதே பெரிதும் விவாதிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘செல்’ என வழங்குவது இலங்கைப் பாடநூலில் ‘கலம்’ என வழங்குவதை இவ்விவாதத்தின் எச்சமாகக் காணலாம்.

ஆயினும், அறிவியல் செய்தி பொதுமக்களைச் சென்றடைவது கலைச்சொல்லால் மட்டும் அன்று. அச்சொல்லை விளக்க எடுத்தாளப்படும் உவமையே கேட்பவர் மனத்தில் நிலைக்கிறது. கலைச்சொல் பிழைபட்டால் பிறிதொரு சொல்லால் அதனை மாற்றிவிடலாம். உவமை பிழைபட்டால் பொருளே பிறழ்ந்து பதிகிறது. இதனை, முதுமையில் உடலுறுப்புகள் தம் ஆற்றல் மூலக்கூறுகளை எவ்வாறு பேணுகின்றன என்னும் பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. உவமையை அளக்கும் கருவி

தொல்காப்பியப் பொருளதிகாரத்து உவமவியல், உவமைக்கு நிலைக்களமாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனைக் கூறுகிறது. செயலால் ஒத்தல் வினை. விளைவால் ஒத்தல் பயன். வடிவால் ஒத்தல் மெய். நிறத்தால் ஒத்தல் உரு. இலக்கியத்தில் இவற்றுள் ஒன்று பொருந்தினும் உவமை சிறக்கும். முகத்திற்கு மதியை உவமிக்கும்போது மதியின் தேய்வும் வளர்வும் முகத்திற்கு வேண்டப்படுவதில்லை.

அறிவியல் விளக்கத்தில் வரும் உவமையின் கடமை வேறு. ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதையே அது விளக்க வேண்டியிருப்பதால், வினை ஒப்புமை அதற்கு இன்றியமையாதது. பயன் மட்டும் ஒத்து வினை ஒவ்வாத உவமை, கேட்பவரைத் தவறான முடிவிற்கு இட்டுச்செல்லும். இவ்வளவுகோலே இக்கட்டுரையில் கையாளப்படுகிறது.

2. இருப்பு உவமைகள்

விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டத்தைச் சேர்ந்த எம். புதுப்பட்டியும் அதன் சுற்றுப்புறமும் பட்டாசுத் தொழிலைச் சார்ந்தவை. இத்தொழிலிலிருந்து பொதுத்தமிழுக்கு வந்து வழங்கும் தொடர்கள் பல. தொடங்கிய முயற்சி பயனற்றுப் போவதைப் ‘புஸ்வாணம் ஆயிற்று’ என்பர். ஊக்கம் இழந்தவரை ‘நமத்துப்போன பட்டாசு’ என்பர். மருந்து, திரி, நமத்தல் ஆகிய சொற்கள் மனித ஆற்றலைக் குறிக்கவும் இயல்பாக இடம் தருகின்றன.

வெடியின் இயல்பு, செலுத்தப்பட்ட மருந்தின் அளவே அதன் ஆற்றல் என்பதாகும். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் முதலியவற்றைக் கலந்து அடைத்த பின் உள்ளே வருவது ஏதுமில்லை. எரிதற்கு வேண்டிய ஆக்சிசனையும் வெடியுப்பே தருவதால், திரி பற்றியதும் அனைத்தும் ஒரு நொடியில் எரிந்து முடிகின்றன. விளக்கும் மின்கலமும் மெல்லத் தீர்பவை. எண்ணெயை வார்க்கலாம், மின்னேற்றலாம். ஆயினும் இம்மூன்று உவமைகளிலும் ஆற்றல் என்பது முன்னரே சேர்த்து வைத்த ஓர் இருப்பு; மூப்பு என்பது அவ்விருப்பின் தீர்வு. எனவே இவற்றை ‘இருப்பு உவமைகள்’ எனலாம்.

இவ்வுவமைகளிலிருந்து இருவகை முடிவுகள் பிறக்கின்றன. மருந்து தீர்ந்த வெடிக்கு மாற்றில்லை என்பது ஒன்று. அது முதுமைச் சோர்வை விதியாக்கிவிடுகிறது. எண்ணெய் தீர்ந்த விளக்கில் எண்ணெய் வார்த்தால் போதும் என்பது மற்றொன்று. அது வலுவூட்டும் எனச் சொல்லி விற்கப்படும் எப்பொருளையும் ஏற்கச் செய்கிறது. பல்லாண்டு உடலுழைப்பால் வாழ்ந்து முதுமை எய்திய தொழிலாளர் ‘தெம்பு இல்லை’ என்று சொல்லும் ஊரில், இவ்விரு முடிவுகளுள் எது அவர் காதில் விழுகிறது என்பது மொழி ஆய்வாளரும் கருதத்தக்க வினாவாகும்.

3. செல்லின் நாணயம்: சென்னையிலிருந்து பாசுடன் வரை

செல்லின் முதன்மையான ஆற்றல் மூலக்கூறு அடினோசின் டிரைபாஸ்பேட் எனப்படும் ஏ.டி.பி. ஆகும். இதனை 1929இல் செருமனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கே, எல்லாப்பிரகத சுப்பாராவ் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சென்னையிலேயே ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்த பின்னர் 1922இல் பாசுடன் நகருக்குச் சென்றவர். 1925இல் ஃபிஸ்கேயுடன் இணைந்து அவர் வகுத்த, பாஸ்பரசை அளவிடும் முறையே இக்கண்டுபிடிப்பிற்கு வழிவகுத்தது.

மனித உடலில் ஒரு நேரத்தில் உள்ள ஏ.டி.பி.யின் மொத்த அளவு ஏறத்தாழ 100 கிராம். ஆனால் ஓய்வாக இருக்கும் ஒருவரே 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 40 கிலோ ஏ.டி.பி.யைச் செலவிடுகிறார். அதாவது, ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை சிதைந்து மீண்டும் உருவாக வேண்டும். இருப்பு மிகச் சிறிது. புழக்கம் மிகப் பெரிது. இதனாலேயே பாடநூல்கள் ஏ.டி.பி.யைச் ‘செல்லின் நாணயம்’ என்கின்றன. நாணயம் கைமாறுவது என்னும் வினை ஒப்புமையால் இவ்வுவமை சிறக்கிறது.

தமிழ்க் கலைச்சொல் ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. உயிரினத்தின் வேதிவினைத் தொகுதியைத் தமிழ் ‘வளர்சிதைமாற்றம்’ என்கிறது. வளர்தலும் சிதைதலும் ஒரே சொல்லில் இணைந்து நிற்பதால், இச்சொல் இருப்பைச் சுட்டாது இயக்கத்தைச் சுட்டுகிறது. கலைச்சொல் சரியாக அமைந்திருந்தும் அதனை விளக்க வரும் உவமை பின்தங்கிவிடுவதை இங்குக் காண்கிறோம்.

4. என்.ஏ.டி. மூலக்கூறும் மூப்பும்

ஏ.டி.பி. உருவாவதற்குத் துணைபுரியும் மற்றொரு மூலக்கூறு நிக்கோட்டினமைடு அடினைன் டைநியூக்ளியோடைடு, சுருக்கமாக என்.ஏ.டி. 1906இல் ஆர்தர் ஆர்டன், வில்லியம் யங் ஆகியோர் ஈஸ்ட் சாற்றின் நொதித்தலை ஆராய்ந்தபோது, வெப்பத்தால் அழியாத ஒரு துணைப்பொருள் உண்டு என்பதை அறிந்தனர். அதில் அடங்கியிருந்த துணைநொதியே பின்னர் என்.ஏ.டி. என அடையாளம் காணப்பட்டது.

இம்மூலக்கூறு இருவகைப் பணிகளை ஆற்றுகிறது. முதலாவது, உணவு சிதையும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களை ஏற்று, மைட்டோகாண்ட்ரியாவில் ஒப்படைப்பது; இதில் என்.ஏ.டி. சுமந்து சென்று திரும்பும், அழிவதில்லை. இரண்டாவது, டி.என்.ஏ. பழுதுநீக்கத்தில் ஈடுபடும் பார்ப் நொதிகள், சர்ட்டுயின்கள், சி.டி.38 முதலிய நொதிகளுக்கு மூலப்பொருளாவது. இதில் அது சிதைந்து போகிறது. தமிழில் முதலாவதைப் ‘பயன்பாடு’ என்றும், இரண்டாவதைச் ‘செலவு’ என்றும் பிரித்துச் சொல்ல இயலும். இப்பிரிவைக் காத்தல் விளக்கத் தெளிவிற்கு இன்றியமையாதது.

முதுமையில் திசுக்களின் என்.ஏ.டி. அளவு குறைகிறது என்பது பல ஆய்வுகளில் கூறப்பட்டது. ஆக்கம் குறைவதாலா, செலவு மிகுவதாலா என்பதே வினா. 2018இல் அமெரிக்காவின் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் ஜோசுவா ரபினோவிட்சு குழுவினர், ஓரிடத்தான் அணுக்களால் அடையாளமிட்ட மூலக்கூறுகளைச் சுண்டெலிகளில் பின்தொடர்ந்து, உறுப்புக்கு உறுப்பு என்.ஏ.டி.யின் புழக்க வேகம் பெரிதும் வேறுபடுவதைக் காட்டினர். சிறுகுடலிலும் மண்ணீரலிலும் அது விரைவாக மாறுகிறது; எலும்புத்தசையில் மெதுவாக மாறுகிறது. கல்லீரல் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நிக்கோட்டினமைடை ஆக்கிக் குருதிவழி ஏனைய உறுப்புகளுக்கு அனுப்புகிறது.

2021இல் மெலனி மெக்ரெனால்ட்சு முதலியோர் இம்முறையால் மூத்த சுண்டெலிகளை ஆராய்ந்தனர். திசுக்களில் என்.ஏ.டி. அளவின் குறைவு இடைநிலையாக ஏறத்தாழ 30 விழுக்காடு. குருதியில் உலவும் முன்னோடிப் பொருள்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. டிரிப்டோபானிலிருந்து நிக்கோட்டினமைடு ஆக்கப்படுவதும் குன்றவில்லை. பெரும்பாலான திசுக்களில் சிறுத்துப்போன இருப்பு முன்னைவிடச் சற்று விரைவாகப் புழங்கியதால், ஆக்கத்தின் மொத்த அளவு நிலைத்தே நின்றது. செலவிடும் நொதிகளின் செயல் மிகுந்தமையே குறைவிற்குக் காரணமாகலாம் என்பது அவர்களின் முடிவு. உணவுக் கட்டுப்பாடு செலவைக் குறைத்து இழப்பை ஓரளவு தணித்தது. பாக்டீரியாவின் புறவுறைப் பொருளைச் செலுத்தி உண்டாக்கிய கடும் அழற்சியோ, இளையவை, மூத்தவை ஆகிய இருவகைச் சுண்டெலிகளிலும் ஆக்கத்தையே தடுத்தது.

இருப்பு உவமைகள் இம்முடிவுகளைத் தாங்க வல்லவை அல்ல. எண்ணெய் குறைந்த விளக்கில், வார்க்கப்படும் எண்ணெய் குறையாதிருந்தும் அளவு தாழ்ந்தது எனச் சொல்ல வழியில்லை. மருந்து தீர்ந்த வெடியில் உறுப்புக்கு உறுப்பு வேறுபடும் புழக்கத்திற்கு இடமே இல்லை.

5. கண்மாய்: வரத்தும் மடையும்

பட்டாசுத் தொழில் இவ்வட்டாரத்தில் வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டில். அதற்கு மிக முற்பட்டது வைப்பாற்றுப் படுகையின் மானாவாரி வேளாண்மையும் கண்மாய்ப் பாசனமும். வடமாவட்டங்களில் ஏரி என வழங்குவதைப் பாண்டிய நாட்டில் கண்மாய் என்பர். நீரைக் கொண்டு வருவது வரத்துக்கால், தேக்குவது கரை, வயலுக்கு விடுவது மடை, மிகை நீரை வெளியேற்றுவது கலுங்கு, மடையைத் திறந்தும் அடைத்தும் முறைவைத்துப் பாய்ச்சுபவர் நீர்ப்பாய்ச்சி. மேலைக் கண்மாயின் கலுங்கு நீர் கீழைக் கண்மாயின் வரத்தாவது உண்டு. இவ்வாறு கண்மாய்கள் தொடராக அமையும்.

இச்சொற்களைக் கொண்டு 2021ஆம் ஆண்டு ஆய்வு முடிவைச் சொன்னால், அது ஒரே தொடரில் அடங்குகிறது: வரத்து முன்போலவே வருகிறது, மடைகள் அகன்றுவிட்டமையால் கண்மாயின் நீர்மட்டம் தாழ்ந்து நிற்கிறது. கரிசல் வேளாளர் ஒருவருக்கு இத்தொடரை விளக்க வேண்டியதில்லை. மட்டம் தாழ்ந்ததைக் கண்டதும், வரத்துக்கால் தூர்ந்ததா, மடை பழுதுற்றதா, கரை கசிகிறதா என்று தனித்தனியே பார்ப்பது அவருடைய வழக்கம்.

உணவுக் கட்டுப்பாட்டின் விளைவு மடையைச் சற்று அடைத்தல். கடும் அழற்சியின் விளைவு வரத்துக்கால் அடைபடுதல். கல்லீரல் பிற உறுப்புகளுக்கு நிக்கோட்டினமைடை அனுப்புவது மேலைக் கண்மாய் கீழைக் கண்மாய்களுக்கு நீர் விடுவது. சிறுகுடலின் விரைந்த புழக்கம் அடிக்கடி நிரம்பி வடியும் சிறு குட்டைக்கும், எலும்புத்தசையின் மெதுவான புழக்கம் ஆழ்ந்த நீர்நிலைக்கும் ஒப்பாகும். இவ்வொப்புமைகள் அனைத்தும் வினை பற்றியவை. தொல்காப்பியம் கூறும் நான்கனுள் அறிவியல் விளக்கத்திற்கு மிக வேண்டிய ஒன்று இங்கு நிறைவு பெறுகிறது.

6. வரத்து அடைபட்ட நிலை: பெல்லாக்ரா

செலவு மிகுவதால் வரும் குறைவையும் வரத்து நிற்பதால் வரும் குறைவையும் பிரித்தறிய, இந்திய ஊட்டச்சத்து ஆய்வு வரலாறு தக்கதொரு சான்றினைத் தருகிறது. நயாசின் என்னும் வைட்டமினும் டிரிப்டோபானும் உணவில் போதாதபோது என்.ஏ.டி. ஆக்கம் குன்றி, பெல்லாக்ரா நோய் தோன்றுகிறது. தோல் வெடிப்பு, கழிச்சல், மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். 1937இல் கான்ராட் எல்விகெம், நாய்களில் இதனை ஒத்த கருநாக்கு நோயை நிக்கோட்டினிக் அமிலம் தீர்ப்பதைக் காட்டினார்.

மக்காச்சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட நாடுகளில் மிகுந்திருந்த இந்நோய், தக்காணத்தில் சோளம் உண்ணும் மக்களிடமும் காணப்பட்டது. இதனை விரிவாக ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். 1918இல் இராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய ஆய்வுப் பிரிவு, ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனத்தைச் சார்ந்து பணியாற்றிய கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்னும் கருதுகோளை 1960இல் வெளியிட்டனர்.

மக்காச்சோளத்தில் நயாசின் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி பிணைப்புண்டு இருப்பதால் உடல் அதனை எளிதில் ஈர்க்க இயலாது. இந்நிலைக்குச் சிவகாசி வட்டாரத்து ‘நமத்துப்போன பட்டாசு’ பொருத்தமான உவமை: மருந்து உள்ளே இருக்கிறது, பற்றுவதில்லை. ஓர் உவமைத் தொகுதி முழுவதும் தள்ளத்தக்கது அன்று என்பதையும், எந்நிலைக்கு எவ்வுவமை என்னும் தெரிவே முதன்மையானது என்பதையும் இது உணர்த்துகிறது.

பெல்லாக்ராவில் வரத்தைப் பெருக்குவதே மருத்துவம். நயாசின் கொடுத்தால் நோய் தீர்கிறது. முதுமையில் வரத்து நிலைத்திருந்து செலவு மிகுவதாயின், அதே முறை அவ்வாறே பொருந்தும் என முன்கூட்டிக் கொள்ள இடமில்லை. இரு நிலைகளையும் ‘சத்துக் குறைவு’ என்னும் ஒரே தொடரால் சுட்டும்போது இவ்வேறுபாடு மறைகிறது.

7. உவமையின் எல்லை

கண்மாய் உவமையும் எல்லைக்கு உட்பட்டதே. மடைவழிச் சென்ற நீர் அக்கண்மாய்க்கு மீள்வதில்லை. என்.ஏ.டி. சிதையும்போது கிடைக்கும் நிக்கோட்டினமைடின் பெரும்பகுதியோ அச்செல்லிலேயே மீண்டும் என்.ஏ.டி.யாக ஆக்கப்படுகிறது. இம்மீட்புக்கு ஆற்றலும் செலவாகிறது. இதற்குக் கரிசல் வட்டாரத்தின் மற்றொரு பாசனக் கருவியான கமலை உதவும். மாடுகள் இழுக்கக் கிணற்றிலிருந்து ஏறும் நீர் வயலில் பாய்ந்து, அதில் ஒரு பகுதி மண்வழிக் கசிந்து கிணற்றுக்கே திரும்புகிறது. அதனை மீண்டும் இறைக்க மாடுகளின் உழைப்பு வேண்டும். எனவே உறுப்புகளுக்கு இடைப்பட்ட போக்குவரத்தைக் கண்மாயாலும், செல்லுக்குள் நிகழும் மீட்பைக் கமலையாலும் விளக்குதல் தகும்.

மேலும், இங்குக் குறித்த அளவீடுகள் சுண்டெலிகளில் பெறப்பட்டவை. அவற்றை மனித முதுமைக்கு அப்படியே ஏற்றிச் சொல்லும் தொடரமைப்பை அறிவியல் தமிழ் தவிர்க்க வேண்டும். ‘சுண்டெலிகளில்’ என்னும் ஒரு சொல்லை விட்டுவிடுவதும் பிழையான உவமைக்கு நிகரான பிழையே.

8. வள்ளுவரின் சொல்லிணையும் பிசிராந்தையாரின் விடையும்

வரத்தும் செலவும் பற்றிய இச்சிந்தனைக்குத் தமிழ் மரபில் செறிவான சொல்லிணை ஒன்று உண்டு. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் 478ஆம் குறள், பொருள் வரும் வழியை ‘ஆகாறு’ என்றும், செல்லும் வழியைப் ‘போகாறு’ என்றும் பெயரிடுகிறது. வரும் வழி சிறிதாயினும், செல்லும் வழி அகலாதவரை கேடில்லை என்பது அதன் கருத்து. அரசனின் பொருளியலுக்குக் கூறப்பட்ட இக்கருத்து, வலிமையை அறிதல் என்னும் அதிகாரத்தில் வைக்கப்பட்டிருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. வலிமை என்பது கையிருப்பின் அளவு மட்டும் அன்று. வரவுக்கும் செலவுக்கும் இடைப்பட்ட உறவு என்பதை அவ்வைப்புமுறை காட்டுகிறது.

மூப்பைப் பற்றிய சங்கப் பாடல்களிலும் இருவேறு நோக்குகள் உள்ளன. தொடித்தலை விழுத்தண்டினாரின் பாடல் (புறநானூறு 243), நீரில் பாய்ந்து ஆடிய இளமையையும் கோலூன்றித் தளர்ந்த முதுமையையும் எதிரெதிர் நிறுத்தி, இழந்த வலிமைக்கு இரங்குகிறது. இது இருப்பின் இழப்பைப் பேசும் நோக்கு. பிசிராந்தையாரோ (புறநானூறு 191), ஆண்டு பலவாகியும் நரையில்லாமைக்குக் காரணம் கேட்டவர்க்கு, மாண்புடைய மனைவி, நிரம்பிய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறைதவறாத வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் ஆகியோரை விடையாகத் தருகிறார். தம் உடலில் சேர்ந்த வளத்தைப் பற்றி அவர் ஏதும் கூறவில்லை. தம்மைத் தேய்க்கும் கவலைகள் இல்லாமையைக் கூறுகிறார். இது போகாறு அகலாமையைப் பேசும் நோக்கு.

இப்புலவர்கள் உயிர்வேதியியலை அறிந்திருந்தனர் எனக் கொள்வது ஆய்வு நெறியன்று. மூப்பைச் செலவின் வழி நோக்கும் சிந்தனையும், அதற்கு வேண்டிய சொற்களும் தமிழில் முன்னரே உள்ளன என்பதே இங்குப் பெறப்படுவது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன.

அறிவியல் தமிழில் வரும் உவமை வினை ஒப்புமையால் அளக்கப்பட வேண்டும். முதுமையின் ஆற்றல் மாற்றத்தை விளக்க வரும் இருப்பு உவமைகள் இவ்வளவில் நில்லா.

முதுமையில் என்.ஏ.டி. குறைவை விளக்க, வரத்துக்கால், மடை, கலுங்கு, கமலை ஆகிய பாசனச் சொற்கள் துல்லியமும் எளிமையும் ஒருங்கே உடையவை. ‘ஆகாறு’, ‘போகாறு’ என்பவற்றை ஆக்கப் பாய்வு, செலவுப் பாய்வு என்னும் கருத்துகளுக்குரிய கலைச்சொற்களாகவே பரிந்துரைக்கலாம்.

கண்மாய்கள் தூர்ந்து, கமலைகள் மறைந்துவரும் நிலையில் இச்சொற்களும் வழக்கொழியும் நிலையில் உள்ளன. இவற்றை வட்டார வழக்கு அகராதியில் சேர்ப்பதோடு அமையாது, இன்றைய அறிவைச் சொல்லும் கருவிகளாகவும் ஆள வேண்டும். எம். புதுப்பட்டியில் முதியவர் ஒருவர் ‘தெம்பு இல்லை’ என்னும்போது, அவருக்கு மருந்து தீர்ந்துவிட்டது எனச் சொல்வதற்கும், வரத்து இருக்கிறது, மடையைப் பார்க்க வேண்டும் எனச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதைச் சொல்ல வேண்டிய சொற்கள் அவருடைய ஊர்த் தமிழிலேயே உள்ளன.